எல்லோருக்கும் ஐம்பத்தெட்டு

நான் ஒருமுறை நான்கு நிமிடம் டாக்டராக இருந்திருக்கிறேன். இதை இதுவரை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

கள்ளக்குறிச்சியில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் அப்போது ஒரு தனியார் ஆஸ்பத்திரி இருந்தது. இப்போது அந்தக் கட்டடம் கல்யாண மண்டபம். கூட்டம் குறையவில்லை, வருகிறவர்கள் முகத்தில் கவலையும் ஏறக்குறைய அதே அளவில்தான் இருக்கிறது. வயிற்றில் வாயு என்று நான் நம்பிக்கொண்டிருந்த ஒன்றைக் காட்டுவதற்காகப் போயிருந்தேன். பெஞ்சில் இடமில்லை. டாக்டர் அறைக்கு வெளியே நர்ஸின் மேசையும் நாற்காலியும் காலியாக இருந்தன. அவர் டீ குடிக்கப் போயிருந்தார். உட்கார்ந்தேன். வெள்ளைச் சட்டை, மூக்குக்கண்ணாடி, கையில் தலையணை மாதிரி ஒரு புத்தகம். அது துருக்கியின் வரலாறு. செய்தித்தாளில் அட்டை போட்டிருந்ததால் அந்த விவரம் வெளியே தெரிய வாய்ப்பில்லை.

கல்வராயன் மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கிய ஒரு கணவனும் மனைவியும் நேராக என்னிடம் வந்தார்கள். அந்த அம்மாள் பேசினார்.

"ஐயா, இவருக்கு ஒரு மாசமா தலை பாரமா கீதுன்றாருங்க. நடக்கும்போது ஒரு கால் செருப்பு கழண்டு வுழுந்தாக்கூட தெரியலீங்க. பேசிக்கினு இருக்கும்போதே தூங்கிடறாரு."

நான் டாக்டர் இல்லை என்று சொல்ல மூன்று சொற்கள் போதும். அதற்குப் பதிலாக, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வயசாச்சு இல்லையா? அப்படித்தான் இருக்கும். ராத்திரி ஒரு டம்ளர் பால் குடிக்கச் சொல்லுங்க" என்றேன். இதைச் சொல்வதற்கு மருத்துவம் படிக்க வேண்டியதில்லை என்பதுதான் அதன் சௌகரியம். என் அப்பாவிடம் மூன்று டாக்டர்கள் மூன்று வெவ்வேறு வியாதிகளுக்கு இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன், எனக்கு மனப்பாடம். இருவரும் கும்பிட்டுவிட்டு, டாக்டரைப் பார்க்காமலேயே படியிறங்கிப் போனார்கள். நான் துருக்கிக்குத் திரும்பினேன்.

அடுத்த ஐந்து நிமிடத்தில் அவர்கள் திரும்பி வந்தார்கள். கூட எதிர்க் கடை பாய் வந்தார்.

"இவருதானா?"

"இவருதாங்க."

பாய் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "சட்டை நம்ம கடை சட்டைதான். படிப்பு எந்தக் காலேஜு சார்?"

பாய் என்றுதான் ஊர் அவரைக் கூப்பிட்டது. பதினாறு வருடம் அவரிடம் சட்டை எடுத்த நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும் என்பது இதை எழுத உட்காரும்போதுதான் எனக்கு உறைக்கிறது. ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரில் ரெடிமேட் கடை. ஒல்லியான மனிதர், கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா, மூக்கின் நுனியில் கண்ணாடி. பேரம் பேசினால் பதில் சொல்லமாட்டார். சட்டையை மடித்து உள்ளே வைத்துவிடுவார்.

கடையின் பின்பக்கம் ஒரு கம்பியில் ஐந்து வெள்ளைச் சட்டைகள் தொங்கும். அவை விற்பனைக்கு அல்ல. கேட்டால், "அது ஆஸ்பத்திரி சட்டை சார்" என்பார். மலையிலிருந்து வருகிற நோயாளிகள் முதலில் அவர் கடைக்கு வந்து, போட்டிருப்பதைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பையில் ஒரு பேனாவைச் செருகிக்கொண்டு, பிறகுதான் எதிர்ச் சாரிக்குப் போவார்கள். பேனாவில் மை கிடையாது. "அவரு எழுதப்போறாரா இன்னா?" பெண்களுக்குச் சட்டைக்குப் பதில் ஒரு கைப்பையும், கையில் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் ஃபைலும். ஃபைலுக்குள் கடையின் பழைய விலைப்பட்டியல்.

இதோடு ஒரு வயதும் கொடுப்பார். ஐம்பத்தெட்டு. அறுபது தாண்டியவர்கள் எல்லோருக்கும் அதேதான்.

"அது ஏன் பாய் ஐம்பத்தெட்டு?"

"ரிட்டயர் ஆவப்போற வயசு சார். ரிட்டயர் ஆனவனுக்கு ஸ்கேன் எழுதமாட்டாங்க. எழுபதுன்னு சொல்லிப் பாருங்க, நாடியக்கூட புடிக்கமாட்டாங்க. வயசாச்சுன்னு சொல்லிட்டு அடுத்த டோக்கனக் கூப்டுவாங்க."

அவருடைய கணக்குப்படி மலைக்காரர்களுக்கு வைத்தியத்தில் இரண்டே வியாதிகள்தான் அனுமதிக்கப்பட்டிருந்தன. ஆணாக இருந்தால் சாராயம், இல்லாவிட்டால் வயது. ஆணாகவும் வயதானவராகவும் இருந்தால் இரண்டும். கீழே இருக்கிறவர்களுக்கு வருகிற மற்ற நூறு வியாதிகளும் வெள்ளிமலை பஸ் ஏறத் தெரியாமல் அடிவாரத்துக் கச்சிராயபாளையத்திலேயே இறங்கிவிடுகின்றன என்று டாக்டர்கள் நினைத்தார்கள் போலிருக்கிறது.

கடையில் அவர் யாரையும் "பெரியவரே" என்று அழைத்து நான் கேட்டதில்லை. பல் ஒன்றுகூட இல்லாதவரும் அவருக்கு "அண்ணே"தான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து சட்டையைக் கழற்றுகிறவர்களிடம் மருந்துச் சீட்டைப் பார்ப்பதற்கு முன் ஒன்று கேட்பார்: "உள்ள எவ்ளோ நேரம் ஆச்சு?" ஐந்து நிமிடம் என்றால் முகம் மலரும். ஒரு நிமிடம் என்றால் அந்தச் சட்டையை எடுத்துக் கழுத்துப்பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். தவறு துணியில்தான் இருக்கவேண்டும் என்பதுபோல.

இந்த ஏற்பாட்டில் சிக்கல்கள் இல்லாமல் இல்லை. அந்த ஆஸ்பத்திரியின் பதிவேட்டை வைத்து யாராவது ஆராய்ச்சி செய்திருந்தால், கல்வராயன் மலையில் சரியாக ஐம்பத்தெட்டாம் வயதில் ஏதோ கொள்ளைநோய் தாக்குகிறது என்று முடிவு கட்டியிருப்பார்கள். ஒருமுறை, எழுபத்தைந்துக்குக் குறையாத ஒருவரை, ஐம்பத்தெட்டுதானே என்று நம்பி, இருதயப் பரிசோதனைக்காக நடக்கிற மெஷினில் ஏற்றிவிட்டார்கள். விஷயம் தெரிந்து பாய் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார். அங்கே அந்த மனிதர் சாவகாசமாக நடந்துகொண்டிருந்தார். பரிசோதனை முடிந்து மெஷின் நின்றபிறகும் இறங்கவில்லை. "இன்னும் மேடே வர்லீங்களே" என்று கேட்டாராம்.

வேறொரு முறை மூத்த டாக்டர் ஒருவர் கடைக்கே வந்து கத்திவிட்டுப் போனார். வயதைப் பார்த்துத்தான் மருந்தின் அளவைப் போடுகிறோம், நீ பாட்டுக்குப் பதினைந்து வருடத்தைக் கம்மி பண்ணி அனுப்பினால் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டால் யார் பதில் சொல்வது என்று. அன்று முழுக்க பாய் யாருக்கும் சட்டை எடுத்துக் காட்டவில்லை. மறுநாள் விதியைத் திருத்தினார்: ஸ்கேன் எழுதுகிறவரை ஐம்பத்தெட்டு, மாத்திரை எழுதப்போகும்போது நிஜ வயது. ஆக, நோயாளி அறைக்குள் போகும்போது ஐம்பத்தெட்டாகவும் வெளியே வரும்போது எழுபத்துநான்காகவும் இருப்பார். அங்கே காத்திருந்து பழகியவர்களுக்கு இது பெரிய ஆச்சரியமாக இருந்திருக்காது.

இந்த வித்தையை எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். வளைகுடாவில் என்றார். பதினோரு வருடம் அங்கே தையல் வேலை பார்த்திருக்கிறார். தொழிலாளிகளுக்கு என்று ஒரு கிளினிக். விலாவில் வலி என்று மூன்று முறை போனதற்கு மூன்று முறையும் காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு வேலை செய்யப் பிடிக்காவிட்டால் வலி வரும் என்று அங்கே ஒரு நம்பிக்கை. நான்காம் முறை, யாரோ ஒரு முதலாளிக்குத் தைத்து முடித்திருந்த கோட்டை மாட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். சார் என்றார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள்.

"கோட்டுக்குள்ள கல்லு கீதுன்னு கண்டுபுடிச்சாங்க சார். அதே கல்லு மூணு மாசமா லுங்கிக்குள்ள இருந்துச்சு."

"கோட்டு?"

"இஸ்திரி போட்டு டெலிவரி குடுத்துட்டேன்." சட்டை ஒன்றை மடித்துக்கொண்டே, "அங்க நான்தான் சார் மலைக்காரன்" என்றார்.

அவருடைய சட்டைத் தத்துவம் எல்லா ஊருக்கும் பொருந்தும் என்று எனக்கும் கொஞ்ச நாள் நம்பிக்கை இருந்தது. என் தங்கை குளிர்தேசம் ஒன்றில் இருக்கிறாள். பிரசவத்துக்குப் போனபோது வலி தாங்காமல் கத்தியிருக்கிறாள். உங்கள் ஊர்ப் பெண்கள் கொஞ்சம் ஜாஸ்தியாகச் சத்தம் போடுவது எங்களுக்குத் தெரியும் என்று சொல்லி நர்ஸ் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாளாம். ரத்தம் நிற்கவில்லை என்பது ஒரு மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. இதை பாயிடம் சொன்னேன். அவர் தொழில்முறையாக ஒரு கேள்வி கேட்டார்.

"இன்னா போட்டுக்கினு போனாங்க?"

தங்கையிடம் போனில் கேட்டுச் சொன்னேன். நல்ல கோட்டுதான் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். நாக்கும் அந்த ஊர் நாக்குதான்.

பாய் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினார். வெகுநேரம் சுருட்டினார். "அப்ப தோலப் பாத்திருக்காங்க. அதுக்கு நம்மகிட்ட சரக்கு இல்ல சார்."

நான் டாக்டராக இருந்த அந்த நாளுக்கு வருகிறேன். "நீங்களும் வாங்க, டாக்டர் சார்" என்று பாய் என்னையும் கடைக்கு அழைத்துப் போனார். அந்த மலைக்காரரைக் கண்ணாடிமுன் நிறுத்தி வெள்ளைச் சட்டையைக் கொடுத்தார். அவர் போட்டுக்கொண்டார். பொத்தான் போட ஆரம்பித்தார். வலது கை வேலை செய்தது. இடது கை பக்கத்தில் தொங்கியது; தூக்கினால் கட்டைவிரல் பொத்தானுக்கு ஒரு அங்குலம் தள்ளிப்போய்த் துணியைத் தடவிக்கொண்டிருந்தது. ஐந்து பொத்தானுக்கும் அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் என் வேர்வையை இரண்டு முறை துடைத்துவிட்டேன்.

"அண்ணே, இடது கையால போடுங்க."

முடியவில்லை. அவர் கொஞ்சம் சிரித்தார், வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல.

"போன தையில அக்காவுக்கு முட்டி வலின்னு ரெண்டு பேரும் வந்தாங்க" என்றார் பாய் என்னிடம். "குளிருதுன்னு இவருக்கும் ஒரு சட்டை குடுத்தேன். ரெண்டு கையாலயும் டக்குடக்குன்னு போட்டாரு." எந்த மனிதர் எப்படிப் பொத்தான் போடுவார் என்பது அவருக்கு முகங்களைவிட நன்றாக நினைவிருக்கும். "ஏன் சார், வயசானா ரெண்டு கைக்கும் சேர்ந்துதானே ஆவும்? ஒரு கைக்கு மட்டும் எப்படி வயசாவும்?"

துருக்கியின் வரலாற்றில் இதற்குப் பதில் இல்லை.

அந்த அம்மாளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. வைகாசியில் பலா மரத்திலிருந்து அவர் விழுந்திருக்கிறார். தலையில் பட்டிருக்கிறது. ரத்தம் வரவில்லை, எழுந்து வந்து காயை அறுத்தார், அதனால் மறந்துவிட்டார்கள்.

நாங்கள் நாலு பேரும் டாக்டர் அறைக்குள் போனோம். இளம் டாக்டர்; கெட்டவர் என்று சொல்லமுடியாது; காலையிலிருந்து அறுபது பேரைப் பார்த்திருந்தார், வெளியே இன்னும் அறுபது பேர் இருந்தார்கள்.

"எந்த ஊரு?"

ஊரைச் சொன்னார்கள்.

"சாராயம் குடிப்பியா?"

"குடிச்சிக்கினு இருந்தேங்க. வுட்டு இருவது வருசம் ஆவுது."

"எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க. வயசு?"

"அம்பத்தெட்டுங்க."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு பாயைப் பார்த்தார். "இந்த வாரத்துல இது எத்தனாவது அம்பத்தெட்டு பாய்? ஆதார் எங்கே?"

ஆதாரின்படி வயது எண்பத்தொன்று. நான் சுவரில் இருந்த நுரையீரல் படத்தைப் பார்க்க ஆரம்பித்தேன்.

பாய் அசரவில்லை. "சார், இவரு என்னிக்குப் பொறந்தாருன்னு இவருக்கே தெரியாது. கார்டு எடுக்க வந்தவன் மூஞ்சியப் பாத்துப் போட்டான். நான் சட்டை அளவப் பாத்துப் போட்டேன். ரெண்டும் அந்தாசுதான். வயச வுடுங்க. ஒரே ஒருவாட்டி ரெண்டு கையையும் நீட்டச் சொல்லிப் பாருங்க. அதுக்கப்புறம் போவச் சொன்னீங்கன்னா போய்டறோம்."

டாக்டர் சலித்துக்கொண்டே சொன்னார். கையை நீட்டு, உள்ளங்கை மேலே, கண்ணை மூடு. அவர் நீட்டினார். இரண்டு கையும் நேராகத்தான் இருந்தன. பிறகு இடது கை, யாரும் சொல்லாமல், தூக்கம் வந்ததுபோல மெல்லத் திரும்பி இறங்க ஆரம்பித்தது. அவருக்கு அது தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, பாடம் சரியாக ஒப்பித்துவிட்டவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

டாக்டர் எழுந்தார். "எங்கேயாவது விழுந்தீங்களா?" என்று கேட்டார். அந்த "ங்க" எங்களுக்கெல்லாம் கேட்டது.

ஸ்கேனில், மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் கட்டி அழுத்திக்கொண்டிருந்தது தெரிந்தது. இன்னும் பத்து நாள் பால் குடித்திருந்தால் ஆள் இருந்திருக்கமாட்டார் என்று டாக்டர் பாலைக் குறிப்பிடாமல் சொன்னார். அன்றே பெரிய ஊருக்குக் கொண்டுபோகவேண்டும். வேன் வந்தது. பாய் என்னைப் பார்த்தார். "மொதல்ல பாத்த டாக்டர் நீங்கதானே. ஏறுங்க."

வேனில் அந்த அம்மாளிடம் நான் மன்னிப்பு கேட்டேன். டாக்டர் என்று நினைத்து என்னிடம் சொன்னீர்கள், நான் அதைத் திருத்தியிருக்க வேண்டும் என்றேன். அவர் கணவரின் தலையை மடியில் பிடித்துக்கொண்டே, "டாக்டருன்னு யாரு நெனச்சாங்க?" என்றார். "கம்பவுண்டருன்னுதான் நெனச்சோம். டாக்டரா இருந்தா நாங்க சொல்லி முடிக்கிறவரைக்கும் கேப்பாரா?" பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

பெரிய ஊர் ஆஸ்பத்திரியிலும் ஆதார்தான் முதலில் பேசியது. எண்பத்தொரு வயதில் மண்டையைத் திறக்கவேண்டுமா, வீட்டில் எல்லோரும் கலந்து பேசி முடிவு சொல்லுங்கள் என்றார்கள். "வூட்ல நான்தாங்க கீறேன். கலந்தாச்சு. பண்ணுங்க" என்றார் அந்த அம்மாள். அதற்குப் பிறகும் எங்களை யாரும் கவனிக்கவில்லை. பாய் என்னை முன்னால் தள்ளினார். தமிழில் முக்கால் மணி நேரம் கேட்டும் கிடைக்காத பதில், என் தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்துக்கு இரண்டே நிமிடத்தில் கிடைத்தது.

"உங்க இங்கிலீசும் நம்ம சட்ட மாதிரிதான் சார்" என்றார் பாய். "அளவு சரியில்ல. ஆனா வேல செய்யிது."

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் அவர் இடது கையால் தட்டைத் தள்ளிவிட்டு, குழம்பில் உப்பு இல்லை என்றார். அந்த அம்மாள் முதல்முறையாக அழுதார். பாய் வெளியே போய் உப்பு வாங்கிவந்தார்.

பாய் இப்போது இல்லை. கடையை விட்டுவிட்டு மகள் வீட்டோடு போனவர் அங்கேயே காலமாகிவிட்டார். என்ன வயது என்று விசாரித்தேன். மகளுக்கே சரியாகத் தெரியவில்லை. கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். நான் கடைசியாக அவரோடு நின்று பேசியது, அந்த ஆபரேஷன் நடந்து எட்டு மாதம் கழித்து எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் நான் பேசிய அன்றைக்கு.

தலைப்பை நான்தான் கொடுத்தேன்: 'மருத்துவத்தில் வயதும் இனமும் – ஓர் உலகப் பார்வை'. இரண்டு வாரம் தயாரித்தேன். உலகம் முழுவதும் யாருடைய வலியை யார் நம்புவதில்லை என்று பட்டியல் போட்டேன். பேச்சுக்கு உயிர் வேண்டும் என்பதற்காக மலைக்காரரையும் வரவழைத்திருந்தேன். அவர் முதல் பஸ்ஸில் வந்து காத்திருந்தார். மேடையில் தலைவர், செயலாளர், நான், எங்களுக்குப் போர்த்தவேண்டிய பொன்னாடைகள் எல்லாம் ஆளுக்கொரு நாற்காலியில் இருந்தோம். பேச்சைத் தொடங்கியதுமே அவரை மேடைக்கு அழைத்து, தோளில் கை வைத்து, "இதோ இந்த மனிதரைப் பாருங்கள்" என்றேன். கைதட்டல். அந்தக் கையை எடுக்காமலேயே முழுப் பேச்சையும் பேசினேன். என் தங்கையைச் சொன்னேன், கோட்டைச் சொன்னேன், நான் டாக்டராக இருந்த நான்கு நிமிடத்தை மட்டும் நேரமின்மை காரணமாக விட்டுவிட்டேன். இரண்டாம் வரிசையில் ஒரு பேராசிரியர் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் அதைவிட நன்றாக நான் பேசியதில்லை.

கூட்டம் கலைந்தது. பாய் கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்து, என் தோளில் கிடந்த பொன்னாடையின் ஓரத்தைப் பழக்கத்தில் விரலால் தேய்த்துப் பார்த்தார். "எப்படி இருந்தது பாய்?" என்று கேட்டேன்.

"பேச்சு நல்லா இருந்துச்சு சார். பாலியஸ்டர் இது, இதுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தாங்க. மண்டைய ஆபரேஷன் பண்ண மனுஷன நாப்பது நிமிஷம் நிக்க வெச்சிட்டீங்க."